3215031751: பகா எண் சோதனையில் 2, 3, 5, 7 நான்கிலும் தேறிவிடும் பகு எண்

#1 · புதுநிரல்

வணக்கம். ஒரு எண் பகா எண்ணான்னு பார்க்கிற மில்லர்-ராபின் சோதனையை 2, 3, 5, 7 நாலு அடிமானத்தோட (அடுக்கேற்றிப் பார்க்கிற எண்கள்) எழுதியிருக்கேன். 32 பிட் எண்களுக்கு இந்த நாலே போதும்னு ஒரு குறிப்புல இருந்துச்சு. ஆனா 3215031751 கொடுத்தா ‘பகா எண்’னு பதில் வருது. வேற ஒரு நிரல் இதையே பகு எண்ணுன்னு சொல்லுது. அடுக்கேற்றும் பகுதியில தப்பு எதுவும் தெரியல. 4, 6, 8, 9, 10னு இன்னும் அஞ்சு அடிமானம் சேர்த்தும் பதில் மாறல. எங்க தேடணும்?

#2 · வகுத்தி

உங்கள் நிரல் சோதனையைச் சரியாகத்தான் செய்கிறது. அந்தக் குறிப்புதான் தவறு. இது பகு எண்:

3215031751 = 151 × 751 × 28351

கையாலேயே சரிபார்க்கலாம். 151 × 751 = 113401. அடுத்து 113401 × 28000 = 3175228000, 113401 × 351 = 39803751. இரண்டையும் கூட்டினால் 3215031751.

இந்த எண் துறையில் பெயர் பெற்றது. 1980இல் பொமரன்ஸ், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் மூவரும் 2500 கோடி வரை உள்ள எண்களைச் சலித்தார்கள். மில்லர்-ராபினைவிட எளிய ஃபெர்மா சோதனையில் அடிமானம் 2ஐ ஏமாற்றும் (பகா எண் போலத் தேறிவிடும்) பகு எண்கள் 21853 கிடைத்தன. மில்லர்-ராபின் வகையில் 2ஐ ஏமாற்றுபவை 4842. அவற்றில் 2, 3, 5 மூன்றையும் ஏமாற்றுபவை 13. நான்காவதாக 7ஐயும் ஏமாற்றுவது ஒன்றே ஒன்று, அது இதுதான்.

ஆக ‘2, 3, 5, 7 போதும், இந்த ஒரு எண்ணை மட்டும் தனியாக விலக்கு’ என்று சொல்லியிருந்தால் அது 2500 கோடி வரை சரி. 32 பிட் எல்லை 4294967296, அதாவது 429 கோடிதான். ‘இந்த ஒரு எண்ணை மட்டும்’ என்ற பகுதி உங்கள் குறிப்பில் விடுபட்டிருக்கிறது.

#3 · புதுநிரல்

நன்றி. ஆனா புரியாதது ஒண்ணு. 151 ரொம்பச் சின்ன காரணி. இவ்வளவு எளிதா உடையற எண் எப்படி நாலு சோதனையிலயும் தப்பிக்குது? அதோட 4, 6, 8, 9, 10 சேர்த்தும் ஏன் பிடிபடல?

#4 · மட்டுக்கணக்கன்

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், இந்த எண்ணின் அமைப்பு அவ்வளவு அழகு.

எழுதுவதற்கு வசதியாக ந = 3215031751 என்று வைத்துக்கொள்வோம். முதலில் ந−1ஐப் பாருங்கள்:

3215031750 = 2 × 3^4 × 5^3 × 7 × 37 × 613

காரணிகள் ஒவ்வொன்றிலும் 1 கழித்தால்:

150 = 2 × 3 × 5^2
750 = 2 × 3 × 5^3
28350 = 2 × 3^4 × 5^2 × 7

மூன்றுமே ந−1ஐ மீதியின்றி வகுக்கின்றன. ஈவுகள் முறையே 21433545, 4286709, 113405. ஒரே பகாக் காரணி இருமுறை வராத பகு எண்ணில் இந்த நிபந்தனை நிறைவேறினால் அது கார்மைக்கேல் எண் (கோர்செல்ட் 1899இல் சொன்ன விதி). பொருள் இதுதான்: ந உடன் பொதுக் காரணி இல்லாத எந்த அ எடுத்தாலும் அ^(ந−1)ஐ நவால் வகுத்தால் மீதி 1. ஃபெர்மா சோதனை பார்ப்பது இந்த மீதி 1 ஆகிறதா என்பதை மட்டுமே, அதற்கு இந்த எண்ணிடம் வேலையே இல்லை.

மில்லர்-ராபின் இதைவிடக் கூர்மையானது. ந−1ஐ 2^ச × த என்று பிரிக்கிறோம், த ஒற்றைப்படை. இங்கே 2 ஒரு முறைதான் வருகிறது. ஆகவே ச = 1, த = 1607515875. ச = 1 என்பதால் வர்க்கமாக்கும் சுழற்சி ஒரு தடவைகூட ஓடாது. அ^த மீதி 1 அல்லது ந−1 ஆக இருந்தால் தேறியது, வேறு எதுவானாலும் பகு எண். சோதனை முழுவதும் இந்த ஒரே கணக்கில் முடிந்துவிடுகிறது.

இனி அ^தவை நவால் வகுக்காமல் 151, 751, 28351 மூன்றாலும் தனித்தனியே வகுத்துப் பாருங்கள். இந்தப் பகாக் காரணியை ப என்றால் (ப−1)/2 முறையே 75, 375, 14175. தவை இவற்றால் வகுத்தால் அதே 21433545, 4286709, 113405 தான் வரும், மூன்றும் ஒற்றைப்படை. அ என்பது ப-க்கு ஒரு வர்க்கத்தின் மீதியாக இருந்தால் அ^((ப−1)/2) மீதி +1, இல்லாவிட்டால் −1. இது ஆய்லரின் விதி. ஒற்றைப்படை அடுக்கில் குறி மாறாது. எனவே அ^த ஒவ்வொரு பகாக் காரணிக்கும் அந்தக் குறியையே, +1 அல்லது −1, தருகிறது.

மூன்று குறியும் + என்றால் நவுக்கு மீதி 1. மூன்றும் − என்றால் மீதி ந−1. இரண்டிலும் எண் தேறிவிடும். ஒரு குறி மாறினாலும் மாட்டிக்கொள்ளும்.

அடிமானம் 2: எட்டால் வகுத்தால் 151, 751, 28351 மூன்றுக்கும் மீதி 7. மீதி 1 அல்லது 7 என்றால் 2 வர்க்க மீதி. குறிகள் +, +, +.

அடிமானம் 3: 12ஆல் வகுத்தால் மூன்றுக்கும் மீதி 7. 1 அல்லது 11 இல்லை, எனவே −, −, −.

அடிமானம் 5: ஐந்தால் வகுத்தால் மூன்றுக்கும் மீதி 1. +, +, +.

அடிமானம் 7: ஏழால் வகுத்தால் மீதிகள் 4, 2, 1. ஏழுக்கு உள்ள வர்க்க மீதிகள் சரியாக இந்த மூன்றும்தான். 7உம் இந்தப் பகா எண்களும் நான்கால் வகுத்தால் 3 மீதி தருபவை என்பதால் தலைகீழ் விதியில் (இரு பகா எண்களில் ஒன்று மற்றதற்கு வர்க்க மீதியா என்பதை இணைக்கும் விதி) குறி புரளும். −, −, −.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். குறிகள் பெருக்கலைப் பின்பற்றும். 6 = 2 × 3, எனவே +உம் −உம் பெருகி −, −, −. 10 = 2 × 5, +, +, +. 4, 8, 9 எல்லாம் அப்படியே. 2, 3, 5, 7 மட்டுமே காரணிகளாகக் கொண்ட எந்த அடிமானமும் இந்த எண்ணிடம் தேறியே தீரும். நீங்கள் சேர்த்த ஐந்தும் புதிதாக எதையும் கேட்கவில்லை. அடிமானங்களாகப் பகா எண்களை எடுப்பதற்குக் காரணமே இதுதான்.

#5 · சராசரி

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. எந்தப் பகு எண்ணுக்கும் பொய்ச் சாட்சிகள் (அதைத் தேறவிடும் அடிமானங்கள்) கால் பங்குக்கு மேல் இருக்காது என்பது தேற்றம் (ராபின், மோனியே, 1980). நாலு அடிமானம் என்றால் 256இல் ஒரு பங்கு. அத்தனை கோடி எண்களில் ஒன்று தப்பித்ததில் வியக்க என்ன இருக்கிறது? வெறும் தற்செயல்தானே?

#6 · மட்டுக்கணக்கன்

கால் பங்கு என்பது மேல் வரம்பு. பெரும்பாலான பகு எண்களில் பொய்ச் சாட்சிகள் அதைவிட மிக மிகக் குறைவு. இந்த எண் அந்த வரம்பையே தொட்டு நிற்கிறது, அதுதான் சிறப்பு. எண்ணிப் பாருங்கள்.

ந உடன் பொதுக் காரணி இல்லாதவை: 150 × 750 × 28350 = 3189375000.
மூன்று குறியும் ஒன்றாக அமைபவை: 2 × 75 × 375 × 14175 = 797343750.

முன்னதைச் சரியாக நான்கால் வகுத்தால் பின்னது, ஒன்றுகூடக் குறையவில்லை. மொத்த எண்களில் இது 24.8 விழுக்காடு. காரணம் இரண்டு: எண் கார்மைக்கேல் வகை, அதோடு மூன்று காரணிகளும் நான்கால் வகுத்தால் 3 மீதி தருபவை. கோர்செல்ட் நிபந்தனையோடு இப்படி மூன்று காரணிகள் சேர்ந்தாலே வரம்பு முழுசாக நிரம்பிவிடும்.

தற்செயல் என்பதையும் பாதிதான் ஏற்பேன். 751 − 151 = 600. 28351 − 151 = 28200 = 47 × 600. அதாவது 600ஆல் வகுத்தால் மூன்று காரணிகளுக்கும் மீதி 151. 2, 3, 5 மூன்றின் குறிகளையும் 120ஆல் வகுத்த மீதியே தீர்மானித்துவிடும், மூன்றுக்கும் அது 31. ஆகவே 2, 3, 5இல் குறி ஒத்துப்போனது மூன்று தனித்தனி நிகழ்வு அல்ல, ஒரே அமைப்பின் விளைவு. 7 ஒன்றுதான் தானாக அமைந்தது.

நிரலுக்கு இதில் ஒரு பாடம். ‘நாலு அடிமானம், பிழை வாய்ப்பு 256இல் 1’ என்ற கணக்கு அடிமானங்களைச் சமவாய்ப்பில் எடுத்தால்தான் செல்லும். அப்படி எடுத்தால் இந்த எண் நாலிலும் தப்பிக்கும் வாய்ப்பு 0.248ஐ நான்கு முறை பெருக்கினால் வரும் 0.0038. நிலையான 2, 3, 5, 7 என்றால் அது ஒவ்வொரு தடவையும் தப்பிக்கும்.

#7 · சராசரி

சரி, ஒத்துக்கொள்கிறேன். 600 விஷயம் தெரியாது.

#8 · இருமன்

அடிமானம் 11ஐப் பற்றி யாராவது எழுதும் முன் ஒரு எச்சரிக்கை. இந்த எண் கணினி எல்லைகளுக்கு நடுவில் மோசமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

2147483648க்கு மேல், 4294967296க்குக் கீழ். 32 பிட் சைன்ட் (குறியுள்ள) மாறியில் போட்டால் −1079935545 ஆகிவிடும். இது எல்லாருக்கும் தெரிந்தது, உடனே கண்ணில் படும்.

கண்ணில் படாதது அடுத்தது. மட்டுப் பெருக்கலில் (பெருக்கி, நவால் வகுத்து மீதி எடுப்பது) வரக்கூடிய மிகப் பெரிய பெருக்கம் (ந−1)இன் வர்க்கம், ஏறக்குறைய 1.03 × 10^19. 64 பிட் சைன்ட் எல்லை 9223372036854775807, அதாவது 9.22 × 10^18. தாண்டிவிடும். மாடுலஸ் (வகுக்கும் எண்) 3037000500 வரை சைன்ட் 64 பிட் தாங்கும். ந அதைவிடப் பெரியது. ‘32 பிட் எண்ணைத்தானே பெருக்குகிறோம், 64 பிட்டில் அடங்கும்’ என்ற நம்பிக்கை அன்சைன்டுக்கு மட்டுமே உண்மை. அன்சைன்ட் எல்லை 1.84 × 10^19, அதில் தாராளமாக அடங்கும்.

சி, சி++ என்றால் அன்சைன்ட் 64 பிட். பெருக்கும் முன்பே மாற்றிவிட வேண்டும், பெருக்கிய பிறகு மாற்றிப் பயனில்லை. இரண்டு 32 பிட் மாறிகளைப் பெருக்கினால் விடை ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும். ஜாவாவில் 64 பிட் அன்சைன்ட் வகை தனியாக இல்லை, மீதியை ஜாவா 8இல் வந்த அன்சைன்ட் மீதிச் சார்பால் எடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9007199254740992க்கு மேல் கடைசி இலக்கங்களைத் துல்லியமாக வைத்திருக்காது, பிக்இன்ட் கட்டாயம். பைத்தானில் இந்தக் கவலையே இல்லை.

இதில் தொல்லை என்னவென்றால், ஓவர்ஃப்ளோ ஆன நிரலும் இந்த எண்ணைப் பெரும்பாலும் ‘பகு எண்’ என்றே சொல்லும், குப்பை மீதி 1 ஆகவோ ந−1 ஆகவோ அமைவது அரிது என்பதால். பதில் சரி, வழி தவறு. அதே நிரல் இதே அளவுள்ள நிஜப் பகா எண்ணையும் பகு எண் என்று தள்ளிவிடும். புதுநிரலின் நிரல் நாலு அடிமானத்திலும் ‘தேறியது’ என்று சொன்னதே அவர் பெருக்கல் சரியாக இருப்பதற்கு நல்ல அடையாளம்.

#9 · வகுத்தி

இருமன் சொன்னதோடு சேர்த்து, சரிபார்க்க மதிப்புகள் தருகிறேன். அடிமானம் 11க்குக் குறிகள் பாருங்கள். 11ஆல் வகுத்தால் 151க்கு மீதி 8, 751க்கு 3, 28351க்கு 4. 11இன் வர்க்க மீதிகள் 1, 3, 4, 5, 9. எட்டு அதில் இல்லை, மூன்றும் நான்கும் உண்டு. தலைகீழ் விதியில் குறி புரண்டு +, −, −. ஒத்துப்போகவில்லை, மாட்டிக்கொண்டது.

மாட்டியதோடு நிற்கவில்லை, உடைந்தும் விடுகிறது:

11^1607515875 மட்டு ந = 2129160099

இதோடு 1 கூட்டுங்கள்: 2129160100 = 100 × 21291601, அந்த 21291601 = 751 × 28351. 1 கழியுங்கள்: 2129160098 = 151 × 14100398. அதாவது மீதி−1க்கும் நவுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எடுத்தால் 151 கையில்.

அடிமானம் 13க்குக் குறிகள் −, +, −:

13^1607515875 மட்டு ந = 2157624503

1 கழித்து மீ.பொ.வ எடுத்தால் 751. ஆக 11உம் 13உம் சேர்ந்து எண்ணை முழுவதுமாகக் காரணிப்படுத்திவிடுகின்றன. கார்மைக்கேல் எண் மில்லர்-ராபினில் தோற்கும் ஒவ்வொரு தடவையும் (அடிமானத்துக்கும் எண்ணுக்கும் பொதுக் காரணி இல்லாதபோது) இப்படி ஒரு காரணியை விட்டுச் செல்லும். வர்க்கம் 1 ஆகிற, ஆனால் தான் ±1 ஆகாத ஒரு மீதி கையில் கிடைக்கிறதே, அதனால்.

மூன்று குறிகள் என்றால் 8 சேர்க்கைகள். எனவே நவுடன் பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்துக்கும் அ^த மீதி இந்த எட்டில் ஒன்றாகத்தான் இருக்கும்:

1, 3215031750
2129160099, 1085871652
2157624503, 1057407248
2143278899, 1071752852

ஒவ்வொரு வரியிலும் இரண்டையும் கூட்டினால் ந. முதல் வரி மட்டும் ‘தேறியது’. ஒவ்வொரு மதிப்புக்கும் சரியாக 398671875 அடிமானங்கள். இந்த எட்டுக்கு வெளியே ஒரு மதிப்பு வந்தால் பெருக்கலிலோ அடுக்கேற்றலிலோ பிழை, வேறு விளக்கமே கிடையாது. மட்டு அடுக்கேற்றலைச் சோதிக்க இதைவிடக் கச்சிதமான உள்ளீடு கிடைப்பது கடினம்.

#10 · புதுநிரல்

ஓட்டிப் பார்த்தேன். 11க்கு 2129160099, 13க்கு 2157624503, ரெண்டும் அப்படியே வருது. ஆனா 17க்கும் 2129160099தான் வருது. 11க்கு வந்த அதே எண். பழைய மதிப்பு அழியாம நிக்குதோன்னு சந்தேகம்.

#11 · வகுத்தி

சந்தேகமே வேண்டாம், சரி. 17ஆல் வகுத்தால் மீதிகள் 15, 3, 12. பதினேழுக்கு 15 வர்க்க மீதி, 3உம் 12உம் இல்லை. குறிகள் +, −, −, 11க்கு உள்ளதே. குறி ஒன்றானால் மதிப்பும் ஒன்று. இன்னும் ஒரு படி போனால், 11 × 17 = 187க்குக் குறிகள் பெருகி +, +, + ஆகும். 187 தனியாகப் பொய்ச் சாட்சி. தனித்தனியே உண்மை சொல்லும் இரண்டு அடிமானங்களின் பெருக்கம் பொய் சொல்கிறது.

#12 · இருமன்

இந்த எண் பிடித்துக் கொடுக்கும் இன்னொரு பிழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வர்க்கமாக்கும் சுழற்சி ச−1 தடவைதான் ஓட வேண்டும், அதற்குள் ந−1 வந்தால் மட்டுமே தேறியதாகக் கொள்ள வேண்டும். சிலர் ச தடவை ஓடவிட்டு, உள்ளே 1 வந்தாலும் ‘தேறியது’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே ச = 1. ஒரு தடவை ஓடினால் எட்டு மதிப்புகளில் எதன் வர்க்கமும் 1. அவ்வளவுதான், மில்லர்-ராபின் வெறும் ஃபெர்மா சோதனையாகச் சுருங்கி, 3189375000 அடிமானங்களும் பொய்ச் சாட்சி ஆகிவிடும். அடிமானம் 11ஐக் கொடுத்தும் உங்கள் நிரல் இந்த எண்ணைப் பகா எண் என்றால் முதலில் பார்க்க வேண்டிய வரி இது.

#13 · சராசரி

காரணி தேடும் பொல்லார்டின் ப−1 முறையில் (ப−1இன் மடங்கான அடுக்குக்கு ஏற்றி, 1 கழித்து மீ.பொ.வ எடுப்பது) போட்டால்? 150, 750, 28350 எல்லாம் சின்னச் சின்னக் காரணிகளால் ஆனவை. எல்லை 1000 வைத்தால் ஒரே வீச்சில் உடையுமே?

#14 · மட்டுக்கணக்கன்

உடையாது, அந்த எல்லை கெடுத்துவிடும். 150, 750, 28350 மூன்றின் மீச்சிறு பொது மடங்கு 141750 = 2 × 3^4 × 5^3 × 7. எல்லை 125ஐத் தொட்டாலே 1 முதல் எல்லை வரை உள்ள எண்களின் மீ.பொ.ம இதன் மடங்காகிவிடும். அப்போது மூன்று காரணிகளும் ஒரே நேரத்தில் சிக்கும், மீ.பொ.வ எடுத்தால் விடை 3215031751 தானே வந்து நிற்கும். எதுவும் பிரியவில்லை. ‘எல்லை போதவில்லை’ என்று நினைத்து அதை இன்னும் கூட்டுவது வழக்கமான தவறு, இங்கே குறைக்க வேண்டும். பகா அடுக்கு ஒவ்வொன்றையும் ஏற்றியவுடன் மீ.பொ.வ பார்த்துக்கொண்டே போவது பாதுகாப்பு. ஏற்றிய அடுக்கு 150இன் மடங்கான உடனே 151 கட்டாயம் உள்ளே வந்துவிடும். மற்ற இரண்டும் அதற்கு முன் வருமா பின் வருமா என்பது எடுத்த அடிமானத்தைப் பொறுத்தது.

அதைவிட நேரடி வழி இருக்கிறது. 151 என்பது 36ஆவது பகா எண். வெறும் வகுத்தல் 36ஆவது படியிலேயே முடிந்துவிடும். மில்லர்-ராபினுக்கு முன் 200 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்கும் நிரல் இந்த எண்ணைச் சந்திக்கவே சந்திக்காது. ஆனால் அதை நம்பி அடிமானங்களைக் குறைக்காதீர்கள். 2உம் 3உம் மட்டும் வைத்தால் 1373653 = 829 × 1657 அந்தச் சல்லடையைத் தாண்டி வரும். 2, 3, 5 வைத்தால் 25326001 = 2251 × 11251.

#15 · புதுநிரல்

அப்போ 32 பிட்டுக்கு எதைத்தான் வைக்கிறது?

#16 · வகுத்தி

2, 7, 61. மூன்றே போதும். யேஷ்கே 1993இல் நிறுவியபடி 4759123141க்குக் கீழே உள்ள எல்லா எண்களுக்கும் இது தவறாது, 32 பிட் முழுவதும் அதில் அடங்கும். நம் எண்ணுக்கு 2 தருவது 1, 7 தருவது 3215031750, இரண்டிலும் தேறும். 61இல் குறிகள் −, +, +, மதிப்பு 1085871652, மேலே உள்ள எட்டில் ஒன்று. அங்கே மாட்டும்.

கவனிக்க வேண்டியது ஒன்று: சோதிக்கும் எண்ணே 2, 7, 61இல் ஒன்றாக இருந்தால் அடிமானத்தின் மீதி 0 ஆகி, நிரல் பகா எண்ணைத் தள்ளிவிடும். அந்த மூன்றையும் முதலிலேயே தனியாகப் பாருங்கள். 64 பிட்டுக்குப் போனால் 2 முதல் 37 வரை உள்ள 12 பகா எண்கள். அவை எல்லாவற்றையும் ஏமாற்றும் மிகச் சிறிய எண் 318665857834031151167461, 64 பிட்டுக்கு வெகு மேலே. ஆனால் அங்கே பெருக்கலுக்கு 128 பிட் வேண்டும்.

#17 · சராசரி

அடிமானங்களை அடுக்கிக்கொண்டே போவதற்குப் பதில் லூகாஸ் சோதனையை (ஓர் எண் வரிசையை வைத்துப் பகா எண்ணா என்று பார்ப்பது) சேர்க்கலாமே. அடிமானம் 2 ஒன்றும் லூகாஸ் ஒன்றும் சேர்ந்தால் 2^64 வரை எந்தப் பகு எண்ணும் தப்பவில்லை என்று சரிபார்த்திருக்கிறார்கள். இந்த எண்ணை லூகாஸ் எப்படிப் பிடிக்கிறது என்று யாராவது கையால் காட்ட முடியுமா? அடுக்கு 320 கோடி, கையால் முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

#18 · மட்டுக்கணக்கன்

முடியும், எட்டு உறுப்புகளே போதும்.

செல்ஃப்ரிட்ஜ் வழக்கப்படி 5, −7, 9, −11, 13... என்று வரிசையாகப் பார்த்து, நவோடு ஜகோபி குறி (மூன்று காரணிகளுக்கான குறிகளின் பெருக்கம்) −1 ஆகும் முதல் எண்ணை எடுக்கிறோம். 5க்கு +1. −7க்கு: −1இன் குறி −, 7இன் குறி −, பெருக்கினால் +1. 9 வர்க்கம், +1. −11க்கு: 11இன் குறிகள் +, −, − பெருகி +1, −1இன் குறி −, ஆக −1. நின்றாயிற்று. அதிலிருந்து வரும் வரிசை: 0, 1 என்று தொடங்கி, அடுத்த உறுப்பு = முந்தையது − 3 × அதற்கு முந்தையது.

0, 1, 1, −2, −5, 1, 16, 13, −35

0ஐ பூஜ்யமாவது இடம் என்று கொண்டால் −35 எட்டாவது இடம். ந பகா எண்ணாக இருந்தால் ந+1ஆவது, அதாவது 3215031752ஆவது உறுப்பை ந வகுத்தாக வேண்டும். அப்படியானால் 151உம் அதை வகுக்க வேண்டும். இந்த வரிசையில் 151 வகுக்கும் இடங்கள் எல்லாம் ஒரு முதல் இடத்தின் மடங்குகள். −11க்கு 151இல் குறி − என்பதால் அந்த முதல் இடம் 152ஐ வகுக்கும். அது 3215031752ஐயும் வகுக்க வேண்டுமென்றால் இரண்டின் மீ.பொ.வவை வகுக்க வேண்டும். 152 = 8 × 19. 3215031752ஐ 8 வகுக்கும், 19ஆல் வகுத்தால் மீதி 9. மீ.பொ.வ 8. ஆகவே எட்டாவது உறுப்பையே 151 வகுத்தாக வேண்டும். எட்டாவது உறுப்பு −35. வகுக்காது. லூகாஸ் சோதனையில் ந தோற்றது.

#19 · சராசரி

அருமை. எட்டாவது உறுப்போடு முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

#20 · புதுநிரல்

கடைசியா ஒண்ணு. இதே மாதிரி அமைப்புள்ள பெரிய எண் வேற இருக்கா? 64 பிட் நிரலைச் சோதிக்கத் தேவைப்படுது.

#21 · மட்டுக்கணக்கன்

இருக்கிறது. நம் எண்ணின் காரணிகளில் 1 கழித்த 150, 750, 28350 மூன்றும் 1 : 5 : 189 என்ற விகிதம். அதாவது க = 150 என்றால் ந = (க+1)(5க+1)(189க+1). கார்மைக்கேல் ஆவதற்கு 5க+6ஐ 189 வகுக்க வேண்டும்: 756 = 4 × 189. கூடவே க ஐந்தின் மடங்காக வேண்டும், 150 அப்படித்தான்.

189க்குப் பதில் 229, க = 149490 என்று போடுங்கள். 5க+6 = 747456 = 3264 × 229. கவும் ஐந்தின் மடங்கு. காரணிகள் 149491, 747451, 34233211, மூன்றும் நான்கால் வகுத்தால் 3 மீதி தருபவை. பெருக்கம்:

3825123056546413051

2 முதல் 31 வரை உள்ள 11 பகா எண்களிலும் குறிகள் ஒத்துப்போகும், அத்தனையிலும் தேறும். அப்படித் தேறும் பகு எண்களில் மிகச் சிறியது இதுதான். 37இல் குறிகள் +, −, +. அங்கே மாட்டும், மீதியோடு 1 கூட்டி மீ.பொ.வ எடுத்தால் 747451 வரும். எண் 64 பிட் சைன்டில் அடங்கும், பெருக்கம் அடங்காது. எட்டு மதிப்புகள் என்ற விதி இதற்கும் அப்படியே பொருந்தும்: 37க்கு வந்த மீதியை வர்க்கமாக்கி 1 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் 128 பிட் பெருக்கலில் தேடுங்கள்.